கூட்ட வேண்டிய மாத்திரை, விலக்க வேண்டிய மாத்திரை

கேரள–தமிழ்நாட்டு எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைக் கிராமங்களில் மழைக்காலக் காய்ச்சல் புதிதல்ல. கஞ்சி, பாராசிட்டமால், இரண்டு மூன்று நாள் ஓய்வு என்பதோடு பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடும். அதே காய்ச்சல், அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காத அடிசன் நோயாளிக்கு வந்தால் என்ன, நரம்பு–தசைத் தொடர்பு தளர்ந்த மயஸ்தீனியா கிராவிஸ் நோயாளிக்கு வந்தால் என்ன என்று அருகருகே வைத்துப் பார்ப்போம்.

நலமுள்ள உடலில் காய்ச்சலின்போது அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைத் தானே கூட்டிக்கொள்ளும். அடிசன் நோயாளி அந்தக் கூட்டலை மாத்திரையால் செய்தாக வேண்டும். உடல்சூடு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கார்ட்டிசோலுக்கு ஈடாக அவர் அன்றாடம் எடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரட்டிப்பாக்குவது பொது விதி. வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவை. அதற்குக் காலை வரை காத்திருக்கலாகாது.

மயஸ்தீனியா நோயாளிக்குக் கணக்கு எதிர்த்திசையில் செல்கிறது. விலக்குவதே முதல் வேலை. மற்றவர்கள் எளிதாக விழுங்கும் அசித்ரோமைசினும் சிப்ரோபிளாக்சசினும், ஊசியாகப் போடும் ஜென்டாமைசினும், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் நரம்பு–தசைத் தொடர்பை மேலும் தளர்த்தக்கூடும். அதற்காகத் தொற்றை ஆறப்போடவும் முடியாது. மூச்சுத்தசைகள் ஓயும் நெருக்கடியைப் பெரும்பாலும் தூண்டுவது தொற்றுதான். ஆகவே அமாக்சிசிலின் போன்ற ஏற்ற மாற்றை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைத் தடுக்கக் கேரளம் 2024-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் அம்ரித்’ வேறு நோக்கத்துக்கானது; ஆயினும் இந்த நோயாளிகளுக்கும் அது ஒரு காவல்.

கஞ்சியிலும் இருவரும் பிரிகிறார்கள். அடிசன் நோயாளியின் உடல் உப்பைத் தக்கவைக்காது. உப்பிட்ட கஞ்சித்தண்ணீர் அவருக்கு உணவு மட்டுமல்ல, ஆதரவும்கூட. மயஸ்தீனியாவில் விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அதே தண்ணீர்க் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். அவருக்குச் சற்றுக் கெட்டியாக வேண்டும். அதுவும் தசைக்கு வலுவூட்டும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு. ஒரே அடுப்பில் இரு பதம்.

ஆபத்தின் அடையாளமும் வேறு. எழுந்து நின்றதும் தலைசுற்றலும் தொடர் வாந்தியும் அடிசனில். ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடியாமை மயஸ்தீனியாவில். இருவருமே அதுவரை பிறர் கண்ணுக்கு நோயாளியாகத் தெரிவதில்லை. அடிசனில் கருத்த தோலை வெயில் என்பார்கள்; மயஸ்தீனியாவில் சரிந்த இமையை உறக்கக்குறைவு என்பார்கள்.

இவ்வளவு எதிரெதிரானவற்றுக்கு இடையில் எதிர்பாராத உறவு ஒன்றும் இருக்கிறது. இந்த ஒப்பீட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுவே. மயஸ்தீனியாவுக்குப் பலர் நெடுங்காலம் பிரெட்னிசோலோன் உட்கொள்கிறார்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். நாளடைவில், விலக்கக் கற்றவருக்கும் கூட்டும் விதி வந்து சேர்கிறது. அவரும் அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. கடும் காய்ச்சலில் அவருக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம். சிகிச்சையே ஒரு நோயாளியை மற்றவரின் உறவினராக்கிவிடுகிறது. வாதம், ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்களையும் சேர்த்தால் இந்த உறவு ‘அரிய’ நோய்களோடு நிற்பதில்லை.

இந்த எல்லைப்பகுதியில் 1956-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. காய்ச்சல்காரர் அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் நரம்புநோய்க்குச் சிகிச்சை பெறுபவர், இரவில் சளி முற்றினால் கேரளத்துப் பாறசாலைக்கும் போகலாம், தமிழ்நாட்டுக் குழித்துறைக்கும் போகலாம். அங்கே பணியிலிருப்பவர் அவரை முதல்முறையாகப் பார்ப்பவராக இருக்கக்கூடும். எனவே நோயின் பெயர், அன்றாட மாத்திரைகள், தரக்கூடாத மருந்துகள், அவசர ஊசி ஆகியவற்றை மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு தாள் நோயாளியின் பையில் இருக்க வேண்டும். எல்லையூரான களியக்காவிளையின் இருபுறமும் மருந்துக்கடை நடத்துபவர்களே, காய்ச்சல் மாத்திரை கேட்டு வருபவரிடம் தினமும் வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஒருமுறை கேளுங்கள்.