காருக்குப் பின்னால் ஒரு சதுர ஓட்டை

அமெரிக்கப் பெரிய வண்டிகளின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தால் பம்பருக்குக் கீழே ஒரு சதுர இரும்புக் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளளவு 2 அங்குலம். சின்னக் கார் என்றால் ஒன்றேகால் அங்குலம். இதற்குப் பெயர் ரிசீவர் ஹிட்ச். படகு இழுக்கவா, கேரவன் இழுக்கவா, சைக்கிள் மாட்டவா, எதுவானாலும் அதற்கான கம்பியை இந்த ஓட்டைக்குள் சொருகி, குறுக்கே ஒரு பின்னைப் போட்டால் வேலை முடிந்தது.

இந்த ஓட்டையை மின்சாரக் காரில் வைக்க ஆட்கள் பட்ட பாட்டைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். "இதில் என்னய்யா சரித்திரம் இருக்கிறது?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கார் யாருடையது என்ற கேள்வியே இதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. காருக்குப் பின்னால் வீட்டைக் கட்டி இழுக்கும் மோகம் 1930களில் சூடு பிடித்தது. அமெரிக்காவில் வாலி பையம் என்பவர் 1936-ல் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற அலுமினியக் கேரவனைக் கொண்டுவந்தார். குண்டும் கிண்ணமும் போல மாட்டிக்கொள்ளும் இணைப்பு பரவலானது. இன்றும் ஐரோப்பாவில் அந்தக் குண்டின் விட்டம் 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் மட்டும் மூன்று நான்கு அளவுகள் புழக்கத்தில் உண்டு. அன்றைய கார்களுக்கு அடியில் லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் இருந்ததால், எதையாவது பூட்டவேண்டுமென்றால் நேராகச் சட்டத்தில் பூட்டிவிடலாம். கார் வாங்கியவர் பட்டறைக்குப் போவார், பட்டறைக்காரர் துளை போடுவார், அவ்வளவுதான். கம்பெனியை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் மின்சாரக் கார் எங்கே இருந்தது? ஏறக்குறையச் செத்துப்போயிருந்தது. 1900-ம் ஆண்டு அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,575 மின்சாரக் கார்கள். பெட்ரோல் கார்கள் வெறும் 936. மீதி நீராவி. 1912-ல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த தானியங்கி ஸ்டார்ட்டர் கேடிலாக் காரில் வந்தது. கைப்பிடியைச் சுற்றிக் கையை முறித்துக்கொள்ளும் தொல்லை போனதும் பெட்ரோல் காரின் பெரிய குறை தீர்ந்தது. டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற கம்பெனிகள் மெல்ல மெல்ல மூடின. அதனால் கேரவன் வந்தபோதும் சரி, பிறகு ரிசீவர் ஹிட்ச் வந்தபோதும் சரி, அவற்றை மாட்டிக்கொள்ள மின்சாரக் கார் என்ற ஒன்று சந்தையில் இல்லை.

மறுபிறவி 1990-ல். கலிபோர்னியா காற்று வாரியம், கார் விற்கும் பெரிய கம்பெனிகள் குறிப்பிட்ட விகிதம் புகையே விடாத கார்களையும் விற்கவேண்டும் என்று அந்த வருடம் விதி போட்டது. அதன் பின் ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்ததுதான் இவி1. 1996 டிசம்பரில் சாலைக்கு வந்தது. மொத்தம் தயாரானவை 1,117.

இங்கேதான் என்னைப் போன்ற கடன் பத்திர ஆசாமிகள் நிமிர்ந்து உட்காரவேண்டும். இவி1 விற்கப்படவில்லை, குத்தகைக்கு மட்டுமே தரப்பட்டது. குத்தகை முடிந்தால் வாங்கிக்கொள்ளும் உரிமையும் கிடையாது. நம் ஊர்க் கார் கடனில் வண்டி வங்கிக்கு ஈடாக இருந்தாலும் உரிமையாளர் நீங்கள்தான். தவணை முடிந்தால் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் வங்கிப் பெயரை நீக்கிக்கொண்டு போய்விடலாம். இவி1 ஓட்டியவர் கடைசி வரை வாடகைக்காரர். வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே உரிமையாளரைக் கேட்கவேண்டும், காரில் துளை போடுவதாவது!

முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். கம்பெனி கார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெரும்பாலானவற்றை நசுக்கியது. சில மட்டும் செயலிழக்கச் செய்யப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போயின. 2005-ல் பர்பேங்க் நகரில் மிச்சமிருந்த கார்களைச் சுற்றி மக்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். 78 கார்களுக்கு, காருக்கு 24,000 டாலர் வீதம் தருகிறோம் என்றார்கள். கிட்டத்தட்ட 19 லட்சம் டாலர். கம்பெனி வாங்கவில்லை. கையில் பணத்தோடு வாடிக்கையாளர் நிற்க, சரக்கை நசுக்கிய கம்பெனியை வணிகவியல் பாடப் புத்தகத்தில் நான் படித்ததில்லை.

அதே கலிபோர்னியாவில், அதே காலத்தில், வேறொரு கதையும் நடந்தது. இவி1-க்கு முன்னோடியான 'இம்பாக்ட்' காருக்கு மின்னணுப் பகுதியை வடிவமைத்தவர் ஆலன் கோக்கோனி. அவர் சான் டிமாஸ் ஊரில் ஏசி புரொபல்ஷன் என்ற சின்ன நிறுவனத்தை நடத்தினார். ஈய-அமில பேட்டரியோடு நீண்ட தூரம் போகமுடியாதே, என்ன செய்யலாம்? அவர் கண்ட வழி: காருக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லர். அதற்குள் 500 சி.சி. கவாசாகி பைக் என்ஜின், அதோடு ஒரு ஜெனரேட்டர். ஊருக்குள் சும்மா ஓட்டலாம். வெளியூர் என்றால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, 20 கிலோவாட் மின்சாரத்தை ஓடும்போதே தயாரித்துக்கொண்டு போகலாம். 'லாங் ரேஞ்சர்' என்று அதற்குப் பெயர். பின்னோக்கி எடுக்கும்போது டிரெய்லர் தானே திசை திருப்பிக்கொள்ளும் வித்தையும் அதில் இருந்தது.

ஆக, புதிய யுக மின்சாரக் காருக்குப் பின்னால் ஹிட்ச் வந்த தொடக்க காலக் காரணங்களில் ஒன்று சைக்கிளும் இல்லை, படகும் இல்லை. தன் சாப்பாட்டைத் தானே கட்டி இழுத்துக்கொண்டு போவதற்காக! கட்டுச்சோற்று மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே நிறுவனத்தின் 'டிசீரோ' காரில் 2003-ல் லித்தியம்-அயான் செல்களைப் பொருத்தினார்கள். அந்தக் கார் காட்டிய வழியில்தான் டெஸ்லா பிறந்தது. மூட்டை தேவையில்லாமல் போயிற்று.

2010 டிசம்பரில் நிசான் லீஃப் வந்தது. இதைக் காசு கொடுத்து வாங்கலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கையேட்டைத் திறந்தால், இந்த வண்டியால் டிரெய்லர் இழுக்காதே என்று எழுதியிருந்தது. காரணம் இல்லாமல் இல்லை. அதன் பேட்டரி 24 கிலோவாட் அவர். பெட்ரோல் கணக்கில் சொன்னால் மூன்று லிட்டருக்கும் குறைவான ஆற்றல். குறைந்தபட்ச இருப்பிலேயே ஓடும் சேமிப்புக் கணக்கு மாதிரி. பின்னால் பாரம் கட்டி இழுத்தால் போகும் தூரம் பாதியாகக் குறைவது சகஜம். நடுவழியில் நின்றால் கெட்ட பெயர் கம்பெனிக்கு. அதனால் சுலபமான வழி: வேண்டாம் என்று எழுதிவிடுவது.

ஆனால் வாங்கியவர்கள் கேட்டது டிரெய்லர் இல்லை. இரண்டு சைக்கிள் கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான். கூரையில் வைக்கலாமே என்றால், அங்கே காற்று எதிரி. வேகம் இரட்டிப்பானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. அமெரிக்காவில் கார்களும் இலகு வாகனங்களும் எரிக்கும் எரிபொருளில் 1 சதவீதத்துக்கு அருகில் கூரை ராக்குகளால் மட்டுமே வீணாகிறது என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் ஆய்வு 2016-ல் கணக்குக் காட்டியது. பின்னால் மாட்டினால் சைக்கிளின் பெரும்பகுதி காரின் நிழலில் ஒளிந்துகொள்ளும். சொற்ப மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஓடுபவனுக்கு இது பெரிய விஷயம்.

ஆகவே பட்டறைகள் களத்தில் இறங்கின. வாஷிங்டன் மாநிலத்தின் டார்க்லிஃப்ட் சென்ட்ரல் போன்றவை மின்சாரக் கார்களுக்கென்றே ஹிட்ச் செய்து விற்றன. பொருத்தும் முறை கேட்கச் சுலபம். பின் பம்பரின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவேண்டும். உள்ளே மோதலைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இருக்கும். அது பூட்டியிருக்கும் இடத்திலேயே, காரின் நீள உத்திரங்களின் முனையில், ஹிட்ச்சின் குறுக்குக் கம்பியை போல்ட் போட்டு, குறித்த அளவு முறுக்கத்தில் இறுக்கவேண்டும். பிறகு உறையின் அடியில் ஓட்டைக்கு வழிவிடும்படி கொஞ்சம் வெட்டி, திரும்ப மாட்டவேண்டும். சைலன்ஸர் குழாய் இல்லாததால் ஒரு தொல்லை மிச்சம். ஆனால் நடுத்தளம் முழுக்கப் பேட்டரி; அங்கே ஒரு துளையும் போடக்கூடாது. ஆரஞ்சு நிற வயர்கள் பக்கம் கையே கொண்டுபோகக்கூடாது.

இப்போது எடைக் கணக்கு. சின்னக் கார்களுக்கான முதல் வகுப்பு ஹிட்ச் செங்குத்தாகத் தாங்கும் வழக்கமான அளவு 200 பவுண்ட், அதாவது 90 கிலோ. சாதா சைக்கிள் இரண்டு என்றால் கவலை இல்லை. பேட்டரி சைக்கிள் ஒன்று 27 கிலோ என்று வையுங்கள். இரண்டு 54, ராக் 26, மொத்தம் 80. தாங்கும் போல இருக்கிறதே? இருங்கள். இந்த 80 கிலோ பின் சக்கர அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன், பின் அச்சுகளுக்கு நடுவே 2.7 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் பின் அச்சில் 124 கிலோ ஏறுகிறது, முன் அச்சில் 44 கிலோ குறைகிறது. மேடு பள்ளத்தில் குதிக்கும்போது இதெல்லாம் இன்னும் பெருகும். 80 என்று எழுதிய கணக்கு 124 ஆகப் பாய்கிறது. வட்டிக்கு வட்டி மாதிரிதான் :-)

அடுத்து சட்டம். ஒரே ஓட்டையை மூன்று நாடுகள் மூன்று விதமாகப் பார்க்கின்றன.

அமெரிக்காவில் 1975-ம் ஆண்டின் மேக்னஸன்-மாஸ் வாரண்டிச் சட்டம். வெளியார் பாகத்தைப் பொருத்தினாய் என்ற ஒரே காரணத்துக்காகக் கம்பெனி வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் சேதம் வந்தது என்று காட்டவேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. எனவே அங்கே கையேடு என்ன சொன்னாலும், சைக்கிளுக்காக ஹிட்ச் மாட்டுபவர் மாட்டிக்கொண்டேயிருக்கிறார்.

ஐரோப்பாவில் அனுமதிதான் ராஜா. பிரிட்டனில் 1998 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பிய அங்கீகாரத்துடன் பதிவான கார்களுக்கு, அந்தந்த மாடலுக்கென்று சோதித்து அங்கீகரிக்கப்பட்ட ஹிட்ச் மட்டுமே மாட்டலாம். பின்னால் மாட்டும் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் விளக்கையும் மறைத்தால், அவை ராக்கிலேயே மறுபடி இருக்கவேண்டும்.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. விவரத்துக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2017 டிசம்பரில் மத்திய அரசு முன்பக்க புல் பார்களுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியபோது காட்டியது இதே பிரிவைத்தான். கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கறாராகவே படித்தது.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. நான் இருக்கும் புனேயில் எந்த சிக்னலிலும் காருக்கு ஓரடி பின்னால் நாலு ஸ்கூட்டர் நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, அவர்கள் முழங்காலுக்கு நேர் உயரம். இழுக்க எதுவும் இல்லாமலே, பம்பரைக் காப்பாற்றப் பின்னால் இரும்புக் குண்டு மாட்டிக்கொள்பவர்களைப் பார்த்தால் சட்டம் கறாராக இருப்பது சரி என்றுதான் படும். ஆனால் தடை மட்டும் போதாது. ஐரோப்பாவைப் போல, "இந்த மாடலுக்கு இந்த ஹிட்ச், இத்தனை கிலோ வரை" என்று சோதித்து, அளவு பொறித்து விற்க ஒரு நேரான வழி வேண்டும். வழியே இல்லாத இடத்தில் மக்கள் குறுக்குவழியில்தான் போவார்கள். விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் வந்து பார்க்கும் நாளில்தான் அந்தக் குறுக்குவழியின் விலை தெரியும்.

கம்பெனிகளும் மாறிவிட்டன. 2015-ல் வந்த டெஸ்லா மாடல் எக்ஸ் 5,000 பவுண்ட் இழுக்கும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. 2020-ல் மாடல் ஒய் காருக்கு ஹிட்ச் விருப்பத் தேர்வாக விலைப் பட்டியலிலேயே ஏறியது. இருபது வருடத்துக்கு முன் இவி1 ஓட்டியவர் அந்தக் காரை விலைக்குக் கேட்டும் கிடைக்கவில்லை. இன்று கம்பெனியே ஓட்டையும் போட்டு அதற்கு விலையும் வாங்கிக்கொள்கிறது.

வண்டியின் சொந்தக்காரர் யார் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லும். எவ்வளவு தூரம் சொந்தம் என்பதை அந்த இரண்டு அங்குல ஓட்டைதான் சொல்லும். புது மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதோடு, பின்னால் எத்தனை கிலோ தாங்கும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச் சொல் எங்கள் தொழிலில் மட்டுமல்ல, காப்பீட்டிலும் செல்லாது.