கடனட்டையும் சின்னக் கடைக்காரரும்

2019ஆம் ஆண்டு ரொறன்ரோ சென்றிருந்தபோது, ஸ்காபரோவில் நம்மவர் ஒருவர் நடத்தும் பலசரக்குக் கடையில் சிறிது நேரம் நின்றிருந்தேன். கறித்தூளும் வாழைக்காயும் எடுத்து வந்த இளைஞர் ஒருவர் கடனட்டையை நீட்டினார். "டெபிட் இல்லையோ தம்பி?" என்று கேட்டார் முதலாளி. "இதுக்குத்தான் அங்கிள் பொயின்ற்ஸ் வரும்" என்றார் இளைஞர். அவர் போன பிறகு முதலாளி என் பக்கம் திரும்பி, "அவருக்குப் பொயின்ற்ஸ் அண்ணை, காசு கட்டுறது நான்" என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. கடனட்டையால் நடைபெறும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு கடைக்காரரின் கைக்கு வராமலே கழிக்கப்பட்டுவிடுகிறது. விந்தை என்னவெனில், வங்கிகள் கடனட்டையைக் கொண்டு வந்தபோது முதலில் தேடிச் சென்றது இவரைப் போன்ற சிறிய கடைக்காரரைத்தான். அவரது தலைச்சுமையை இறக்கி வைப்பதாகச் சொல்லியே அது அறிமுகமானது.

அந்தச் சுமை கடன் கொப்பி. யாழ்ப்பாணத்துக் கடைகளில் மட்டும் இருந்த பொருளன்று அது. 1950களின் அமெரிக்காவிலும் ஊர்க் கடைகள் கணக்கு வைத்தே விற்றன. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட் நகரில் ஒரு மருந்துக்கடைக்குச் சென்ற வங்கி அதிகாரி கென் லார்க்கின், தாம் கண்டதைப் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். கடையின் பின்னறையில் மூன்று பெண்கள் கணக்கு இயந்திரங்களின் முன் அமர்ந்து ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பட்டியல் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் நாலு டொலர், பன்னிரண்டு டொலர் என்ற சில்லறைத் தொகை. முத்திரை, உறை, சம்பளம் என்று செலவழித்து அனுப்பினாலும் பணம் வந்து சேர மூன்று நான்கு மாதமாகும். இனிக் கணக்கை வங்கி பார்த்துக்கொள்ளும் என்று லார்க்கின் சொன்னபோது அந்தக் கடைக்காரருக்கு அது வரமாகவே பட்டது.

சியர்ஸ் போன்ற பெரிய அங்காடிகளுக்கு இந்த வரம் தேவைப்படவில்லை. அவை சொந்தமாகவே கடன் பிரிவு வைத்திருந்தன. 1950இல் தொடங்கிய டைனர்ஸ் கிளப் அட்டை உணவகங்களிலும் பயணிகளிடமுமே புழங்கியது. ஆகவே பாங்க் ஒஃப் அமெரிக்கா சிறிய கடைகளைக் குறிவைத்தது. அங்கே ஒரு சிக்கல்: அட்டை வைத்திருப்போர் இல்லாத ஊரில் எந்தக் கடைக்காரர் அதை ஏற்பார்? ஏற்கும் கடை இல்லாத ஊரில் யார் அட்டை வாங்குவார்? அதிகாரி ஜோசப் வில்லியம்ஸ் கண்ட வழி துணிச்சலானது. 1958 செப்டெம்பரில் ஃபிரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு, எவரும் கேளாமலே, அட்டைகள் தபாலில் அனுப்பப்பட்டன. நகரின் 300க்கும் மேற்பட்ட வியாபாரிகள் முன்னரே சேர்ந்திருந்தார்கள்.

வியாபாரி வங்கிக்குக் கொடுக்கச் சம்மதித்தது விற்பனையில் நூற்றுக்கு 6. இன்றைய கண்ணுக்கு இது கொள்ளை. ஆனால் அந்த ஆறுக்கு அவர் வாங்கியது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டை வங்கியில் கொடுத்தவுடன் பணம் கணக்கில் ஏறும். பட்டியல் அனுப்பும் வேலை இல்லை. வராக்கடனும் வங்கியின் தலையில். அது வெறும் வாய்ப்பேச்சன்று. நூற்றுக்கு நான்கு பேர் தவணை தவறுவார்கள் என்று வங்கி போட்ட கணக்கு 22 ஆகப் பொய்த்தது. களவு போன அட்டைகள் வேறு. ஏறத்தாழ 88 இலட்சம் டொலர் நட்டமென வங்கி ஒப்புக்கொண்டது. வில்லியம்ஸ் 1959இன் இறுதியில் பதவி விலகினார். அந்த நட்டத்தின் பெரும்பகுதி முன்னைய நாட்களில் சின்னக் கடைகளின் கொப்பிகளில் அல்லவா கிடந்திருக்கும்?

ஆனால் கொப்பியோடு இன்னொன்றும் கைமாறியது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு மறுக்கலாம் என்ற தீர்ப்பு அதுவரை கடைக்காரருடையது. சம்பளம் பிந்தினால் பொறுப்பார்; குடித்துச் செலவழிப்பவர் என்றால் கையை விரிப்பார். இனி அதை வங்கி தீர்மானித்தது. வாடிக்கையாளர் வங்கியின் வாடிக்கையாளராகிவிட்டார்.

அந்நாட்களில் அட்டையை ஏற்பது உடலுழைப்பு. அட்டையை இரும்புத் தட்டில் வைத்து, கார்பன் தாள் இட்ட சீட்டை மேலே பரப்பி, கைப்பிடியை இழுத்து மீள்விக்க வேண்டும். விரல் மொளி உரசிக் காயம்படுவதும் உண்டு. குறித்த தொகைக்கு மேற்பட்ட விற்பனையென்றால் தொலைபேசியில் அனுமதி கேட்க வேண்டும். களவு போன அட்டைகளின் எண்கள் அச்சிட்ட புத்தகத்தைப் புரட்ட வேண்டும். இவற்றைச் செய்யாமல் விட்டால் நட்டம் கடைக்காரருக்கே திரும்பி வரும். 1973இல் கணினிவழி அனுமதி வந்தபோதுதான் இந்தக் காத்திருப்புக் குறையத் தொடங்கியது.

1966 முதல் பாங்க் ஒஃப் அமெரிக்கா தன் அட்டையை மற்ற மாநில வங்கிகளுக்கும் உரிமம் கொடுத்துப் பரப்பியது. 1976இல் அது விசா என்ற பெயரைப் பெற்றது. கடைக்காரரின் வங்கி ஒன்று, அட்டைக்காரரின் வங்கி வேறொன்று என்று ஆனபின், முன்னது பின்னதற்குச் செலுத்தும் ஓர் இடைக்கட்டணம் தேவைப்பட்டது. அதை எல்லா வங்கிகளுக்கும் பொதுவாக அட்டை அமைப்பே நிர்ணயித்தது. கடைக்காரர் அந்த மேசையில் உட்காரவில்லை. ஆனால் செலவு கடைசியில் அவரிடமே வந்தது. புள்ளிகளும் விமானப் பயணச் சலுகைகளும் பெரும்பாலும் இந்தக் கட்டணத்திலிருந்தே கொடுக்கப்படுகின்றன. ஸ்காபரோ முதலாளியின் முறைப்பாட்டின் வேர் இங்கேதான்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1991இல் பொஸ்டன் நகர உணவகக்காரர்கள் அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் கட்டணத்துக்கு எதிராகக் கிளர்ந்தார்கள். பழைய தேயிலைக் கலகத்தை நினைவூட்டும் பெயரில் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. நிறுவனமும் இறங்கி வந்தது. என்றாலும் என்னை அதிகம் ஈர்த்தது ஒரு சொற்போர்தான். அட்டைக்குக் கூடுதல் விலை என்று எழுதினால் வாங்குபவர் கோபிப்பார். காசுக்குக் கழிவு என்று எழுதினால் மகிழ்வார். இரண்டுக்கும் தொகை ஒன்றே. இதை அறிந்த அட்டை நிறுவனங்கள் முன்னதைத் தடுப்பதற்கே பாடுபட்டன. 1976 முதல் 1984 வரை அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டமே தடுத்தது. அது காலாவதியான பின் நியூயோர்க் போன்ற மாநிலங்கள் தம் சட்டத்தால் தடுத்தன. அம்மாநிலத்தின் வெஸ்டல் என்ற சிற்றூரில் ஒரு சிகையலங்கார நிலையம், அட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்று உள்ளதை உள்ளபடி எழுத உரிமை கேட்டு, வேறு சில சிறு வியாபாரங்களோடு சேர்ந்து வழக்காடியது. 2017 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது விலையை அன்று, வியாபாரியின் பேச்சை என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு வில்லங்கத்துக்கும் நடுவில், அட்டையை ஏற்க முடியாதவர் படும் நட்டமும் இருக்கிறது. சென்ட் லூயிஸ் நகரில் கண்ணாடிக் கலைப்பொருள் செய்யும் ஜிம் மெக்கெல்வி, வாங்க வந்தவரிடமிருந்த அட்டையை ஏற்க வழியில்லாமல் ஒரு விற்பனையை இழந்தார். அதன் விளைவாக 2009இல் ஜக் டோர்சியுடன் சேர்ந்து ஸ்குவெயர் நிறுவனத்தைத் தொடங்கினார். கைத்தொலைபேசியில் செருகும் சிறு கருவியோடு, சந்தையில் மேசை போட்டு விற்பவரும் அட்டையை ஏற்கலானார். அந்நாட்களில் கட்டணம் 2.75 சதவீதமாக இருந்தது. வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டும் என்றும் மனதாரச் சொல்ல முடியாது.

கனடாவில் 2022 ஒக்டோபர் 6 முதல், கியூபெக் நீங்கலாக, கடனட்டைக்கு மேற்கட்டணம் வாங்கக் கடைக்காரருக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு மீண்டும் ஸ்காபரோ போனபோது அந்தக் கடையில் அறிவித்தல் ஏதும் இருக்கிறதா என்று வாசலிலேயே தேடினேன். இல்லை. ஏன் என்று கேட்டேன். முதலாளி கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ப்பக்கத்துக் கடையைக் காட்டினார். "அவர் போட்டால் நானும் போடுவன் அண்ணை. அவரும் இதைத்தான் சொல்லுறாராம்."