இரட்டை வயர் பிறந்த கதை

பழைய மடிக்கணினியின் அடித்தட்டைக் கழற்றினால், ஓர் ஓரமாக மூன்று சென்டிமீட்டர் அளவில் பச்சையோ கறுப்போ ஆன ஒரு சின்ன அட்டை தெரியும். அதுதான் வைஃபை கார்டு. ஒன்றிரண்டு திருகுதான் அதைப் பிடித்திருக்கும். அதன் விளிம்பில் பொன்னிறத்தில் இரண்டு நுண்ணிய பொத்தான்கள் இருக்கும். ஒன்றில் கறுப்பு வயர், மற்றதில் வெள்ளை வயர். இரண்டும் கீலுக்குள் புகுந்து ஏறி, திரையின் இரு பக்கமும் ஒளிந்திருக்கும் ஆன்டெனாக்களில் போய் முடிகின்றன.

ஏன் இரண்டு? ஒன்று போதாதா? கார்டை மாற்ற உட்காரும் எவருக்கும் இந்தக் கேள்வி வரவேண்டும். அதற்கான பதில் பொள்ளாச்சியில் பிறந்த ஒருவரிடம் போய் நிற்கிறது.

முதலில் சிங்கப்பூரில் எங்கள் உட்லண்ட்ஸ் வட்டாரக் கதை கொஞ்சம். ரிபப்ளிக் பாலிடெக்னிக் 2006-இல் உட்லண்ட்ஸ் வளாகத்துக்கு வந்தது. மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து, கொடுத்த சிக்கலை மடிக்கணினியும் கையுமாகத் தீர்க்கும் பாடமுறை அது. அதே ஆண்டு டிசம்பரில் ‘வயர்லெஸ்@எஸ்ஜி’ என்ற இலவசப் பொது வைஃபையும் தொடங்கியது. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருந்தது 802.11ஜி ரகக் கார்டு. ஏட்டளவில் அதன் உச்ச வேகம் நொடிக்கு 54 மெகாபிட். அவற்றிலும் இரண்டு வயர் உண்டு. ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் வேலை. எந்த ஆன்டெனாவில் சிக்னல் தெளிவாக வருகிறதோ அதைக் கார்டு எடுத்துக்கொள்ளும், மற்றது சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருந்த வயருக்கு வேலை கொடுத்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஏற்காடு மான்ஃபோர்ட் பள்ளியில் படித்து, பதின்ம வயதிலேயே தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகம் வழியாக இந்தியக் கடற்படைக்குப் போனவர். 1971 டிசம்பர் 9 அன்று ‘ஐஎன்எஸ் குக்ரி’ போர்க்கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. நீர்மூழ்கியை நேரத்தில் கண்டுபிடிக்கும் திறன் இந்தியக் கப்பல்களின் சோனார் என்ற ஒலியுணர் கருவிக்குப் போதவில்லை என்பது அந்த இழப்பில் அப்பட்டமாகத் தெரிந்தது. இருக்கிற பழைய சோனாரையே மேம்படுத்தும் வேலை பால்ராஜின் கைக்கு வந்தது. கப்பலை மாற்றவில்லை, உள்ளே இருந்த கருவியைக் கூர்மையாக்கினார். பிறகு கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் ‘அப்சோ’ என்ற புதிய சோனாரை உருவாக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அது 1983-இல் கப்பலேறியது.

சோனார் வேலை அவருக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கும் என்பதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. கடலுக்குள் ஒலி நேர்கோட்டில் வருவதில்லை. நீர்ப்பரப்பில் பட்டு, தரையில் பட்டு, பல வழிகளில் சிதறி வருகிறது. அத்தனையையும் வரிசையாக வைத்த பல செவிகளால் வாங்கி, எது எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டுப் பிரிக்கவேண்டும். பல ஆண்டுகளை இந்தக் கணக்கில் கழித்தவர் கடற்படையை விட்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அங்கே காத்திருந்ததும் அதன் தம்பிதான். ஒரே அலைவரிசையில் கலந்து வரும் ரேடியோ சிக்னல்களைப் பல ஆன்டெனாக்களால் பிரிக்கும் ஆய்வு அது.

அந்த ஆய்வில் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. சிக்னல்கள் சுற்றியுள்ள பொருள்களில் மோதிச் சிதறி வந்தால் அவற்றைப் பிரிப்பது கடினமாக அல்லவா ஆகவேண்டும்? எளிதாயிற்று. ரேடியோ பொறியாளர்கள் காலங்காலமாகச் சிதறலை எதிரியாகவே பார்த்தவர்கள். தொலைக்காட்சியில் ஒரே உருவம் இரண்டாகத் தெரிந்ததே, அதுவும் சிதறலின் வேலைதான். பால்ராஜ் அதை அப்படியே திருப்பிப் போட்டார். சிதறல் இருக்கிறது என்றால், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு ஆன்டெனாவிலிருந்து இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பலாமே! வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா இருக்கிறது. இரண்டிலும் இரு செய்திகளும் கலந்தே வரும், ஆனால் கலவை ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி இருக்கும். இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண். பள்ளியில் தீர்த்த கணக்குத்தான். வெட்டவெளியில் நேருக்கு நேர் நின்றால் இரண்டு சமன்பாடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், விடை கிடைக்காது. சுவர்கள் வேண்டும்.

பால்ராஜும் ஸ்டான்ஃபோர்டின் தாமஸ் கைலாத்தும் 1992-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். 1994 செப்டம்பரில் 5,345,599 என்ற எண்ணில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் இதற்கு ஏற்பட்ட பெயர் மைமோ. தொடக்கத்தில் நம்பியவர்கள் குறைவு. 1996-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபொஷினியின் வேலை வெளிவந்தபிறகுதான் துறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பால்ராஜ் 1998-இல் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொழில்நுட்பத்தை 2003-இல் இன்டெல் வாங்கியது. வேறு நிறுவனங்களும் மைமோ சில்லுகளோடு வந்தன. 2009-இல் 802.11என் தரநிலை உறுதியானபோது, இரண்டு ஆன்டெனா ஒரே நேரத்தில் உழைப்பது வைஃபையின் இயல்பாகிவிட்டது. இரண்டு செய்தி ஓடைகள் ஒருசேர ஓடும்போது ஏட்டளவு வேகம் நொடிக்கு 300 மெகாபிட். 2014-இல் பால்ராஜுக்கு மார்கோனி பரிசு கிடைத்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இப்போது உட்லண்ட்ஸ் வீவக அடுக்குமாடி வீட்டுக்கு வருவோம். எதிர்ப் புளோக், தாழ்வாரம், கான்கிரீட் சுவர் என்று அலை மோதித் திரும்ப இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. மைமோவுக்கு நல்ல வீடு. ஆனால் 1998-க்குப் பிறகு கட்டிய வீடுகளில் இருக்கும் பாம்ப் ஷெல்ட்டர் என்ற பாதுகாப்பு அறை மட்டும் வேறு கதை. தடித்த கான்கிரீட்டும் இரும்புக் கதவும் அலையைத் திருப்பிவிடுவதோடு விழுங்கியும் விடும். ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கார்டைக் குறை சொல்லக் கூடாது.

பழைய கணினியில் இரட்டை வயர் ஏற்கெனவே ஓடியிருப்பதால்தான் கார்டை மட்டும் மாற்றினால் போதும் என்ற வசதி நமக்கு வாய்த்தது. கார்டு வாங்க, நியூட்டனில் ரயில் மாறி ரோச்சோரில் இறங்கினால் சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதி. வாங்குமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் கணினியில் இருப்பது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் இடமா, எம்.2 இடமா? இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, வயர் முனையின் அளவும் வேறு. அடுத்து கார்டின் மாடல் எண். இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தனித்து இயங்கும். ஏஎக்ஸ்201-இன் பாதி மூளை புதிய இன்டெல் பிராசஸரின் சிப்செட்டுக்குள் இருப்பதால் பழைய இயந்திரத்தில் அது உயிர்பெறாது. மூன்றாவது, சில மாடல்களின் பயாஸ் தான் அங்கீகரித்த கார்டைத் தவிர வேறெதையும் ஏற்காது. உங்கள் மாடலுக்கு அந்தப் பூட்டு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மாட்டும்போது மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடவேண்டும். வயர் முனையைப் பொத்தானின் மேல் நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சின்ன உணர்வு விரலில் தெரியும். சாய்ந்த நிலையில் அழுத்தினால் முனை நசுங்கிவிடும். இரண்டில் ஒன்று சரியாக அமராவிட்டாலும் வைஃபை இணையும், திரையில் கோடுகளும் காட்டும். வேகம் மட்டும் ஏறாது. அப்படி நேர்ந்தால் புதுக் கார்டு கேட்டுக் கடைக்கு ஓடவேண்டாம். அடித்தட்டை மறுபடி திறந்து அந்த இரண்டாவது வயரை அழுத்திப் பாருங்கள்.