சித்தூரும் அதன் பெருவழிகளும்

தமிழகத்தின் வட எல்லையாகப் பழைய நூல்கள் வேங்கடமலையைக் குறித்தன. அம்மலையின் அடியில் திருப்பதியும், அதற்குத் தென்மேற்கே பொன்னையாற்றுப் பள்ளத்தாக்கில் சித்தூரும் அமைந்துள்ளன. எல்லை என்றதும் வழக்கும் கிளர்ச்சியுமே நம்மிற் பலருடைய நினைவுக்கு வருகின்றன. எல்லையூர் மக்கள் எதனால் பிழைத்தனர் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அது அயலார் கதை அன்று.

சித்தூரின் சிறப்புக்கு அதன் இருப்பிடமே முதற்காரணம். சென்னையிலிருந்து இராணிப்பேட்டை வழியாக வரும் பழைய நெடுஞ்சாலை சித்தூரைக் கடந்து, மொகிலிக் கணவாய் ஏறி, பலமநேர், முளுபாகல், கோலார் ஆகிய ஊர்களின் வழியே பெங்களூரை அடைகிறது. வேலூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலை அதனைச் சித்தூரில் குறுக்கிடுகிறது. படைகளும் இவ்வழியையே நாடின. 1782 டிசம்பர் 7-ஆம் நாள் ஐதர் அலி உயிர் நீத்தது சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையிலேதான். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில், 1911 வரை, வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகச் சித்தூரே விளங்கிற்று.

இருப்புப்பாதை வந்தபோது நிலைமை மாறியது. சோலையார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை 1864-இல் திறக்கப்பட்டது. அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் செல்லும் சென்னை–பம்பாய்ப் பாதை 1871-இல் முழுமை பெற்றது. ஒன்று தெற்கேயும் மற்றொன்று வடகிழக்கேயும் செல்ல, சித்தூர் நடுவே தனித்து நின்றது. 1890-களின் தொடக்கத்தில், விழுப்புரத்திலிருந்து காட்பாடி, சித்தூர், பாகாலா வழியாகத் தர்மாவரம் செல்லும் மீட்டர் பாதை அக்குறையை நீக்கியது. பாகாலாவில் பிரிந்த கிளை திருப்பதியை எட்டியது. வெல்லமும் நிலக்கடலையும் ஏறிய வண்டித்தொடரிலேயே வேங்கடவனைக் காணச் சென்ற அடியார்களும் ஏறினர். ஆயினும் 1944-இல் மலைச்சாலை திறக்கப்படும் வரையில், திருமலைக்கு அவர்கள் நடந்தோ டோலியிலோதான் செல்ல வேண்டியிருந்தது.

பொருள்களும் அடியார்களும் சென்ற வழிகளிலே கூலி தேடிய மக்களும் சென்றனர். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் கோலாரில் தங்கம் எடுக்கத் தொடங்கிற்று. அச்சுரங்கங்களில் இறங்கியவர்களில் மிகப் பலர் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர். அவர்களிலும் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. அன்றைய வடஆர்க்காட்டின் தலைநகர் சித்தூர் என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டரையும் கடந்தது. அதே தங்கப் படிவம் தெற்கே நீண்டு, சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தை அடுத்த சிகரகுண்டாவிலும் வெட்டப்பட்டது. ஆனால் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் சுரங்கங்கள் மூடப்பட்டன. தலைமுறைகளாகத் தங்கம் எடுத்தவர்களின் பிள்ளைகள் இன்று பிழைப்புக்காக நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூர் சென்று திரும்புகின்றனர்.

இதற்கிடையே எல்லைக்கோடும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் முழுவதும் அதனைச் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் வட எல்லைக்காகப் போராடினர். படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது.

கோடு மாறியதால் பலருக்குப் பள்ளியின் மொழி மாறியது. அலுவலகத்தின் மொழி மாறியது. அந்த இழப்பு சிறிதன்று. ஆனால் சந்தைக்குச் செல்லும் வழி மாறவில்லை. சித்தூரில் தமிழும் தெலுங்கும் அறிந்து வணிகம் செய்வோர் இன்றும் உளர். சித்தூர்ப் பக்கத்துக் கிளிமூக்கு மாம்பழம் அங்குள்ள ஆலைகளில் கூழாகி வெளிநாடுகளுக்குச் செல்கிறது. குப்பத்துக் கருங்கல்லும் அவ்வாறே.

வழிகளும் நிலையானவை அல்ல என்பதையும் மறத்தலாகாது. சென்னை–பெங்களூர் நாற்கரச் சாலை வேலூர், கிருட்டிணகிரி வழியே அமைந்தபோது சித்தூர் ஒருபுறம் ஒதுக்கப்பட்டது. புதிய விரைவுச் சாலையோ மீண்டும் சித்தூர் மாவட்டத்தின் வழியே வகுக்கப்பட்டுள்ளது. சுரங்கத்தை நம்பிய ஊர் சுரங்கம் மூடியதும் தளர்ந்தது. பல வழிகள் கூடும் சித்தூரோ, ஒன்று அடைபட்டபோது மற்றொன்றைப் பற்றி நிலைத்தது. தொழில் தேடித் தாயகத்தை விட்டு வந்த நாம், இரு மொழி கற்று இரு பக்கமும் உறவு பேணும் அவ்வூர் மக்களிடம் அறிந்துகொள்ளத்தக்கது உண்டு.