கண் சென்ற தடம்

இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் கண் நீரோட்டம்போல் சீராகச் செல்வதாகத் தோன்றும். உண்மை அதுவன்று. கண் தாவுகிறது, ஏறக்குறைய கால் நொடி நிற்கிறது, மறுபடியும் தாவுகிறது. நிற்கும்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. 1879-ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் இது தெரியவந்தது.

இந்தத் தாவலை எப்படி அளப்பது? அமெரிக்கரான எட்மண்ட் ஹியூயி 1898-இல் கையாண்ட முறையைக் கேட்டாலே நமக்குக் கண் கூசும். பாரிஸ் சாந்தினால் செய்த, நடுவில் துளையுள்ள சிறு கிண்ணத்தை விழியின்மேல் பொருத்தினார்! வலி தெரியாதிருக்கக் கோக்கெயின் இட்டார். கிண்ணத்துடன் இணைத்த அலுமினிய முள், புகைக்கரி படிந்த உருளையில் கண்ணின் அசைவைக் கீறிக் காட்டியது. நல்லவேளையாக 1901-இல் டாட்ஜ், கிளைன் ஆகிய இருவர், விழியில் பட்டுத் திரும்பும் ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதித்து, கண்ணைத் தொடாமலே அளந்தனர். இன்றைய கருவிகளும் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இதையே செய்கின்றன.

சோவியத் அறிஞர் அல்ஃபிரெட் யார்பஸ் 1965-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். நாடுகடத்தப்பட்டவர் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சியை ரெப்பின் வரைந்திருந்தார். அந்த ஓவியத்தை ஒரே மனிதருக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார் யார்பஸ். கேள்வியை மட்டும் மாற்றினார். ‘இவர்களுக்கு என்ன வயது?’ என்றபோது கண் முகங்களில் தங்கியது. ‘வசதியுள்ள குடும்பமா?’ என்றபோது ஆடைகளையும் நாற்காலிகளையும் நாடியது. ஓவியம் ஒன்றே, கண் சென்ற தடம் வேறு!

1988-இல் அமைந்த ஐ.பி.சி.சி. என்னும் பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் சிக்கல் இதுதான். அதன் வரைபடங்களை வரையும் அறிவியலாருக்குத் தம் கேள்வி என்னவென்று தெரியும். நிலக்கரியைக் குறைப்பதா, கரையோர ஊர்களை எப்படிக் காப்பது என்று முடிவு செய்யும் அமைச்சருக்கு அது தெரியாது. அவர் கண் பளிச்சென்ற நிறத்திடம் போகும். நிறங்களின் விளக்கம் ஒரு மூலையில் இருந்தால், கோட்டுக்கும் மூலைக்குமாக அலையும். திரும்புவதற்குள் எந்த நிறம் எதைக் குறித்தது என்பதே மறந்துபோகும். குறை படிப்பவருடையதன்று.

2016-இல் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்து ஜோர்டன் ஹரால்டும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய உளவியல் ஆய்வுகளைத் தொகுத்து வழிமுறைகள் கூறினர்: முக்கியமானதன்பால் கண்ணை ஈர்க்க வேண்டும், சிக்கலைக் குறைக்க வேண்டும், சொல்லும் படமும் சேர்ந்திருக்க வேண்டும். 2018-இல் வெளியான 1.5 டிகிரி சிறப்பு அறிக்கையின் படங்களை உருவாக்குகையில் உளவியலாரும் வடிவமைப்பாளரும் அறிவியலாருடன் அமர்ந்தனர். அதன் சுருக்கத்திலுள்ள முதல் வரைபடம் 1960-இல் தொடங்குகிறது. அளந்தறிந்த வெப்பநிலைக் கோடு எதுவென்று மூலையில் தேட வேண்டியதில்லை; கோட்டின் அருகிலேயே எழுதியிருக்கிறார்கள்.