ஹெரிடேஜ் (ஓபெத் ஆல்பம்)

ஹெரிடேஜ், சுவீடன் நாட்டுப் புரோகிரசிவ் மெட்டல் இசைக்குழுவான ஓபெத்தின் பத்தாவது ஸ்டூடியோ ஆல்பம். ரோட்ரன்னர் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை 2011 செப்டம்பரில் வெளியிட்டது. டெத் மெட்டலில் பிறந்த இக்குழு, அவ்விசைக்கே உரிய உறுமல் குரலை விட்டு விலகியது இந்த ஆல்பத்தில்தான். அந்த விலகலை ஒரே சித்திரத்தில் சொல்லும் உறை ஓவியத்துக்காகவும் இது பேசப்படுகிறது.

பின்னணி

ஓபெத்தின் ஒன்பதாவது ஆல்பமான வாட்டர்ஷெட் 2008இல் வந்தது. அதையடுத்து 2009 டிசம்பரில் குழு சென்னைக்கு வந்து, ஐ.ஐ.டி. வளாகத் திறந்தவெளி அரங்கில் வாசித்தது. அடுத்த ஆல்பத்துக்காக, பாடகரும் கிதார் கலைஞருமான மிகேல் ஓகர்ஃபெல்ட் முதலில் வாட்டர்ஷெட் பாணியிலேயே பாடல்களை எழுதத் தொடங்கினார். அதே வழியில் போனால் தனக்கு ஏமாற்றமே மிஞ்சும் என்று பேஸ் கிதார் கலைஞர் மார்ட்டின் மெண்டஸ் சொன்னதும், எழுதியதை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்.

ஒலிப்பதிவும் இசையும்

ஒலிப்பதிவு 2011 தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் அட்லாண்டிஸ் ஸ்டூடியோவில் நடந்தது. புகழ்பெற்ற அப்பா குழு பாடல்களைப் பதிவுசெய்த பழைய கூடம் இது. ஓகர்ஃபெல்ட் தயாரிப்பைக் கவனிக்க, பிரிட்டிஷ் கலைஞர் ஸ்டீவன் வில்சன் ஒலிக்கலவையில் பங்கேற்றார். ஆல்பத்தில் பத்துப் பாடல்கள் உள்ளன. 1970களின் புரோகிரசிவ் ராக், ஜாஸ், சுவீடன் நாட்டுப்புற இசை ஆகியவற்றின் சாயல் எங்கும் தெரிகிறது. ஹாமண்ட் ஆர்கனும் மெல்லோட்ரானும் கிதாருக்கு இணையாக ஒலிக்கின்றன. ‘ஸ்லிதர்’, 2010இல் மறைந்த பாடகர் ரானி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி. ‘ஃபேமின்’ பாடலில் பெரு நாட்டுத் தாளக் கலைஞர் அலெக்ஸ் அக்குன்யா வாசித்துள்ளார். உறுமல் குரல் இல்லாத ஓபெத் ஆல்பம் முன்பும் ஒன்று உண்டு: 2003இல் வந்த டாம்னேஷன். ஆனால் அதற்குப் பின் குழு பழைய பாணிக்குத் திரும்பியது. ஹெரிடேஜுக்குப் பின் நீண்ட காலம் திரும்பவில்லை.

உறை ஓவியம்

ஓவியத்தை வரைந்தவர் அமெரிக்கக் கலைஞர் டிராவிஸ் ஸ்மித். 1999இல் வெளியான ஸ்டில் லைஃப் முதல் ஓபெத்தின் உறைகளை உருவாக்கி வந்தவர் இவர். முந்தைய உறைகள் பெரும்பாலும் இருண்ட நிறங்களும் மங்கிய உருவங்களும் கொண்டவை. இதிலோ பளிச்சென்ற நிறங்கள், 1970களின் இசைத்தட்டு உறைகளை நினைவூட்டும் நெருக்கமான சித்திரிப்பு.

நடுவில் ஒரு மரம். குழுவினரின் தலைகளே அதன் கனிகள். அவற்றுள் ஒன்று மட்டும் கிளையிலிருந்து கழன்று விழுந்துகொண்டிருக்கிறது; ஒலிப்பதிவு முடிந்ததும் குழுவைவிட்டுப் பிரிந்த கீபோர்டு கலைஞர் பெர் வைபெர்க்கின் தலை அது. மரத்தடியில் கிடக்கும் மண்டையோடுகள் முன்னாள் உறுப்பினர்களைக் குறிக்கின்றன. வேர்கள் நிலத்துக்கடியில் நரகம்வரை இறங்குகின்றன. அது குழுவின் டெத் மெட்டல் பூர்வீகம். பின்னணியில் ஒரு நகரம் எரிகிறது. வேரை வெட்டாமல் கிளையை வேறு திசையில் வளர்ப்பதாகவே இந்த ஓவியம் குழுவின் மாற்றத்தைக் காட்டுகிறது. வைபெர்க்கின் இடத்துக்கு வந்த யோவாகிம் ஸ்வால்பெரி, ஆல்பத்தைத் தொடங்கிவைக்கும் தலைப்புப் பாடலில் பியானோ வாசித்திருக்கிறார்.

வரவேற்பு

அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் ஆல்பம் 19ஆம் இடத்தில் நுழைந்தது. விமர்சகர்களில் பலர் துணிச்சலைப் பாராட்டினர். உறுமலை எதிர்பார்த்த ரசிகர்கள் அதிருப்தி அடைந்தனர். 2012 தொடக்கத்தில் குழு மீண்டும் இந்தியா வந்து, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் சம்மர் ஸ்டார்ம் விழாவில் வாசித்தது. ஓபெத்தின் புதிய ஆல்பம் ஒன்றில் உறுமல் குரல் மறுபடி ஒலித்தது, 2024 நவம்பரில் வெளியான ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ ஆல்பத்தில்தான்.