வெப்ப அலைச் செயல்திட்டமும் நோயாளிகளின் பாதுகாப்பும்

2010 மே மாதத்தில் அகமதாபாத்தின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட ஏறத்தாழ 1,300 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என ஆய்வு மதிப்பிட்டது. இதன் விளைவாக, 2013-இல் அந்நகர மாநகராட்சி பொதுச் சுகாதார நிறுவனங்களுடன் இணைந்து வெப்பச் செயல்திட்டத்தைத் தொடங்கியது. தெற்காசிய நகரங்களில் இதுவே முதலாவது ஆகும்.

செயல்படும் முறை

வானிலை முன்னறிவிப்பின் அடிப்படையில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கைகள் விடுக்கப்படுகின்றன. உடனே மருத்துவமனைகள், குடிநீர்ப் பிரிவு, களப்பணியாளர்கள் எனப் பல துறையினரும் ஒருங்கிணைந்து செயல்படுகின்றனர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

எச்சரிக்கை ஊர் முழுவதற்கும் பொதுவானது; உங்கள் வீட்டு நோயாளியின் நிலையை நீங்களே நன்கு அறிவீர்கள். ஆகவே கோடைக்கு முன்பே மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.

• சிறுநீர் பெருக்கி மருந்துகளும் சில மனநல மருந்துகளும் வெப்பப் பாதிப்பை அதிகரிக்கக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம்.
• இதயம், சிறுநீரக நோயாளிகள் அருந்த வேண்டிய நீரின் அளவைக் கேட்டறியுங்கள்.
• இன்சுலினை வெப்பம் படாமல் பாதுகாக்கவும்.
• தனியே வாழும் முதியோரைப் பற்றிச் சுகாதாரப் பணியாளரிடம் தெரிவியுங்கள்.

அவசர நிலை

உடல் அனலாகக் கொதித்து, குழப்பம், வலிப்பு அல்லது மயக்கம் ஏற்பட்டால் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். நிழலில் கிடத்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவருக்கு நீர் புகட்டாதீர்கள்.